மட்டக்களப்பில் ஒரு மின்கிற்றார் கட்டுதல்: பாகம் தேர்வதிலிருந்து சுருதி கூட்டும் வரை

பாகங்கள் எல்லாம் கைக்கு வந்து சேருமுன் மரத்தில் உளி வைக்க வேண்டாம். தனித்தனிப் பாகங்களை வாங்கி மின்கிற்றார் கட்ட நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கழுத்து ஒரு நாட்டிலிருந்து, உடலின் மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் இன்னொரு நாட்டிலிருந்து, தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டும் முறுக்காணிகள் கொழும்பிலிருந்து, மரம் நம்மூர் மரக்காலையிலிருந்து என்று வரும்போது ஒவ்வொன்றும் தன் அளவோடு வருகிறது. 56 மில்லிமீற்றர் என்று விற்பனைக் குறிப்பில் போட்டிருக்கும் கழுத்தடி (உடலின் குழிக்குள் பொருந்தும் கழுத்தின் அடிப்பகுதி), அகலத்தை அளந்து பார்த்தால் 55.6 ஆக இருக்கும், சிலவேளை 56.3 ஆகவும் இருக்கும். எழுதியிருந்த அளவை நம்பிக் குழி தோண்டியவருக்கு அந்த அரை மில்லிமீற்றர் பெரிய இடைவெளி. கையில் இருக்கும் பொருளை அளந்து வெட்டுகிறவருக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல.

இந்த வேலைக்கு வேண்டிய கைகள் மட்டக்களப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. கதவு நிலையை மயிரிழை பிசகாமல் பொருத்தும் ஓடாவியார் இருக்கிறார். வானொலி திருத்திப் பழகிய கடைக்காரர் இருக்கிறார். மோட்டார் சைக்கிளுக்கு நிறம் அடிப்பவர் இருக்கிறார். பறங்கியரின் கல்யாண வீடுகளில் வயலினோடு கிற்றாரும் ஒலிக்கக் கேட்டுப் பழகிய ஊர் இது. அந்தச் சமூகத்தாரின் தச்சுத் திறமையும் இங்கே பேர் பெற்றது. இல்லாதது கிற்றார்ப் பாகங்களை அடுக்கி வைத்து விற்கும் பெரிய கடைதான். ஆகவே பாகங்களைக் கொழும்பிலோ இணையத்திலோ வாங்கி, மரவேலையையும் நிறத்தையும் மின்வேலையையும் இங்கேயே முடிக்கும் ஒழுங்கை எழுதுகிறேன்.

வடிவத்தை முடிவு செய்தல்

முதற் கிற்றாருக்கு டெலிகாஸ்டர் வடிவத்தையே எடுங்கள். கலிஃபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டையான பலகைக் கிற்றார் அது. 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயர் அதற்கு அமைந்தது. அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. திருத்துகிறவரின் கண்ணோடுதான் கருவியைப் பார்த்தார். கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். இன்று நாம் கழுத்தை ஓரிடத்திலும் உடலை வேறிடத்திலும் பெற்றுக் கட்ட முடிவது அந்த யோசனையால்தான்.

உடல் முழுவதும் ஒரே தடிப்பு, வயிற்றுப் பக்கம் சரிவு கிடையாது, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் இரண்டு, அசையாத பிரிட்ஜ், ஒரு சிறிய உலோகத் தகட்டில் எல்லாக் கட்டுப்பாடுகளும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு உடலை ஊடறுத்துப் பெரிய துவாரமும் பின்னால் சுருள்வில் குழியும் வேண்டும். கழுத்தை ஒட்டிக் கட்டும் லெஸ் போல் (Les Paul) வகைக்குக் கழுத்தைச் சில பாகை சாய்க்க வேண்டும். இரண்டும் அழகானவை, இரண்டாவது, மூன்றாவது கிற்றாருக்கு ஏற்றவை.

பாகங்களை வாங்குதல்

பணத்தைக் கழுத்தில் போடுங்கள். விரல் நாள் முழுவதும் தொடுவது அதைத்தான். பிழையான கழுத்தை வேறெந்தப் பாகமும் ஈடுசெய்யாது. கழுத்துத் தலையருகே தந்தி அமரும் நட்டிலிருந்து, பிரிட்ஜில் தந்தி அமரும் சேடில் வரையான தந்தி நீளம் 648 மில்லிமீற்றர் என்பது இந்த வடிவத்தின் வழக்கமான அளவு. கழுத்துக்கு இந்த நீளம், பிரிட்ஜுக்கு வேறு நீளம் என்று இல்லை. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் என்னும் உலோகக் கம்பிகளின் இடைவெளிதான் பிரிட்ஜ் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்கிற நமக்கு வறுத்த மேப்பிள் மரக் கழுத்து நல்ல தெரிவு. மரத்தை உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தி எடுப்பதால் அது ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும். வாங்கியதும் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முன்பின்னாக இருக்கும் சிறு வளைவை உள்ளிருக்கும் ட்ரஸ் ரொட் கம்பியால் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தைச் சரிசெய்ய முடியாது, திருப்பி அனுப்புங்கள்.

விரற்பலகையின் வளைவு ஆரையைப் பலர் கவனிப்பதில்லை. பழைய ஃபெண்டர் கழுத்துகளின் ஆரை 184 மில்லிமீற்றர். கை முழுதாகப் பிடித்துப் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கோர்ட்டுக்குச் (chord) சுகமானது. ஆனால் தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்கும்போது அந்த அதிக வளைவில் தந்தி மேல் ஃபிரெட்டில் முட்டி, சுரம் அமுங்கிப் போகும். திரைப்பாட்டு, கர்நாடக மெட்டு, பக்திப்பாட்டு வாசிப்பவர் 305 மில்லிமீற்றர் ஆரையும் சற்றே உயரமான ஃபிரெட்டும் உள்ள கழுத்தை எடுப்பது நல்லது. பைலாவுக்குத் தாளம் போடுகிறவருக்கு 241 போதும். தனித்தனியாகக் கட்டுவதன் பெரிய இலாபமே இதுதான்: வாசிக்கும் இசைக்கு ஏற்பக் கழுத்தைத் தேரலாம்.

முறுக்காணி வாங்கும்போது கழுத்துத் தலையில் உள்ள துவாரத்தின் விட்டத்தைப் பாருங்கள். இக்காலத்து முறுக்காணிக்கு 10 மில்லிமீற்றர் துவாரம் வேண்டும். பழைய பாணிக்குச் சுமார் 8.5 முதல் 8.8 வரை. வொலியூம், டோன் கட்டுப்பாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. அங்குல அளவில் செய்தவற்றுக்குச் சுமார் 9.5 மில்லிமீற்றர் துவாரம். மெட்ரிக் வகைக்கு அதைவிடச் சிறியது. ஒன்றின் குமிழ் மற்றதன் தண்டில் ஏறாது. தகடு, கட்டுப்பாடு, குமிழ் மூன்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

பிரிட்ஜில் தந்தியை அதன் தகட்டின் பின் விளிம்பிலேயே கோக்கும் வகையும் உண்டு, உடலை ஊடறுத்துப் பின்னாலிருந்து கோக்கும் வகையும் உண்டு. முதலாவதை எடுங்கள். 45 மில்லிமீற்றர் மரத்தில் ஆறு துவாரங்களை ஒரே வரிசையில் நேராகத் துளைக்க நிலையான துளைபொறி வேண்டும். கைத்துறப்பணத்தால் துளைத்தால் பின்பக்கம் வரிசை கலைந்து தெரியும்.

பிக்கப் தெரிவில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஒற்றைச் சுருள் பிக்கப் துலக்கமான ஒலி தரும், இரைச்சலும் தரும். 1950களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்குகிறது; ஒலி தடிப்பாக இருக்கும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் கட்டுப்பாடு, ஹம்பக்கருக்கு 500. மாற்றிப் போட்டால் எதுவும் எரிந்துவிடாது. ஒன்று கீச்சிடும், மற்றது மங்கும், அவ்வளவுதான்.

மரம்

நம்மூர் மரங்களில் முதிரையும் பாலையும் உறுதியானவை என்பதற்காக அவற்றில் கிற்றார் உடல் செய்யக் கூடாது. தோளில் இரண்டு மணித்தியாலம் தொங்க வேண்டிய பொருள் இது. அமெரிக்காவில் வழக்கமாகப் பயன்படும் ஆல்டர் மரத்தில் முடித்த உடல் ஏறக்குறைய இரண்டு கிலோ நிறுக்கும். அதே உடலை முதிரையில் செய்தால் நான்கு கிலோவைத் தாண்டிவிடும். தேக்கில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மகோகனி அதைவிட இலகு. இங்கே எளிதாகக் கிடைப்பது, உளிக்கும் பணிவது. என் தெரிவு அதுதான். மலைவேம்பு மிக இலகுவானது, ஆனால் மென்மையானது. திருகாணி பிடிக்கும் இடங்களில் கடின மரத் துண்டுகளைப் பதித்து ஒட்டினால் அதிலும் நல்ல கிற்றார் வரும்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். பழைய வீட்டை உடைக்கும்போது கிடைக்கும் கதவுச் சட்டம், உத்தரம் போன்றவற்றின் மரம் பல ஆண்டுகள் காற்றாடிக் காய்ந்தது. அதைவிடச் சிறந்த பலகை மரக்காலையில் கிடைப்பது அரிது. ஆணி உள்ளே முறிந்து கிடக்கிறதா என்று ஒரு காந்தத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். புதிய பலகையானால் வாரத்துக்கு ஒருமுறை நிறுங்கள். நிறை குறைவது நிற்கும்வரை அது கிற்றாருக்கு ஆகாது. அடர்மழைக் காலத்தில் அறுத்த பலகையை அடுத்த மாதமே வேலைக்கு எடுத்தால், வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது மூட்டு விரியும்.

உடலுக்கு 450 மில்லிமீற்றர் நீளம், 340 அகலம், 45 தடிப்பு தேவை. அவ்வளவு அகலப் பலகை கிடைப்பது கடினம். 170 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு துண்டுகளை ஒட்டுவதே வழக்கம். ஓரங்களைச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றை நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் எங்கும் ஒழுகாவிட்டால் மூட்டு தயார். தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு; பசை பூசுவதற்குச் சற்று முன் அசிற்றோனால் துடைக்காவிட்டால் ஒட்டு நிற்காது. வெள்ளை மரப்பசை பூசிக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுவதும் விடுங்கள்.

கழுத்துக் குழி

மற்ற இடங்களில் கை கொஞ்சம் பிசகினால் மறைக்கலாம். இங்கே முடியாது. தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை மெல்லிய தொகுதியில் ஏறக்குறைய 39 கிலோ, அடுத்த தடிப்பில் 47 கிலோ. அத்தனை இழுவையையும் தாங்கி நிற்பது கையகலக் குழியும் நான்கு திருகாணியும்தான்.

முதலில் உடலின் நடுக்கோட்டைக் கூர்மையான பென்சிலால் இடுங்கள். கடைசி வரை அழிக்க வேண்டாம். 9 அல்லது 12 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) குழியின் வார்ப்புருவைச் செய்து, அதில் கழுத்தடியைப் பொருத்திப் பாருங்கள். கழுத்து வார்ப்புருவில் இறுக்கமாக உட்கார்ந்த பிறகுதான் மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டரை உடலில் வைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல் மூன்று நான்கு மில்லிமீற்றராக இறங்கி 16 மில்லிமீற்றர் ஆழத்தில் நிறுத்துங்கள். ரவுட்டர் இல்லாத ஓடாவியார் அகலத் துளைப்பானால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, உளியால் சுவரைச் செதுக்கிக் கொடுப்பார். கருவி எதுவானாலும் வார்ப்புருவைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொல்லும் அளவை விட அது நம்பகமானது. முதன்முதல் இப்படி ஒன்றைக் கொண்டுபோனபோது ஓடாவியார் ஒருவர் கழுத்தையும் வார்ப்புருவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, கழுத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். சாமான் கையில் இருந்தால்தான் எனக்குக் கை போகும்” என்றார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம்.

பொருத்தத்தைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. கழுத்தடியில் சோக்குத் தூளைத் தடவிக் குழிக்குள் அழுத்தி எடுங்கள். வெண்மை படிந்த இடம் மேடு. அதை மட்டும் உளியின் நுனியால் ஒரு சுருள் எடுங்கள். மறுபடி அழுத்துங்கள். குழியின் அடித்தளத்தில் வெண்மை ஓரளவு எங்கும் சமமாகப் படியும்வரை இதைத் தொடர வேண்டும். அடுத்து, திருகாணி இல்லாமல் கழுத்தைக் குழியில் அமர்த்தி, கழுத்தை மட்டும் பிடித்து உடலைத் தரையிலிருந்து சில அங்குலம் தூக்குங்கள். உடல் விழாமல் தொங்கினால் அது நல்ல பொருத்தம். கீழே மெத்தை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். நிறம் பூசினால் குழி சற்று இறுகும் என்பதால், குழியின் சுவருக்குக் கடதாசி நாடா ஒட்டிவிட்டே நிறத்துக்குக் கொடுக்க வேண்டும்.

திருகாணிக் கணக்கு இது. உடல் 45, குழி 16, ஆகவே குழிக்கு அடியில் எஞ்சும் மரம் 29 மில்லிமீற்றர். பின்தகடு ஏறக்குறைய 2. திருகாணி 45 என்றால் கழுத்துக்குள் போவது 14. கழுத்தடியின் தடிப்பு 25 என்பதால் விரற்பலகையைத் துளைத்து வெளிவராது. உங்கள் திருகாணியின் நீளத்தை அளந்து இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். உடலில் உள்ள துவாரம் திருகாணி தடையின்றி வழுக்கிப் போகும் அளவுக்கு, ஏறக்குறைய 4.5 மில்லிமீற்றர், இருக்க வேண்டும். கழுத்தில் 3.2 மில்லிமீற்றர் வழித்துவாரம். உடலிலும் புரி பிடித்தால் கழுத்தும் உடலும் நெருங்காமல் மயிரிழை இடைவெளி நிற்கும். அதிர்வு அங்கேயே தொலையும். துளைப்பானில் ஆழத்தைக் குறிக்க நாடா சுற்றுங்கள். திருகாணியின் புரியில் கொஞ்சம் மெழுகு தடவினால் மேப்பிளில் முறியாமல் இறங்கும்.

பிரிட்ஜின் இடம்

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழர் யாழை ஆராய்ந்தபோது கையில் எடுத்த கேள்விகளில் ஒன்று, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவு. கிற்றாரின் ஃபிரெட்டும் அதே உறவின் மேல்தான் நிற்கிறது. மீதித் தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம் கிடைக்கும். 648ஐ வகுத்தால் 36.37; அது முதலாவது ஃபிரெட். மீதி 611.63ஐ வகுத்தால் 34.33, அது இரண்டாவது. பன்னிரண்டாவது சரியாக நடுவில், 324இல் விழும். வாங்கிய கழுத்தில் இந்த மூன்றையும் அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் விற்றவர் சொன்ன தந்தி நீளம் வேறு என்று பொருள். பிரிட்ஜின் இடமும் அதற்கேற்ப மாறும்.

கழுத்தைத் தற்காலிகமாகப் பூட்டி, நட்டின் உள் விளிம்பிலிருந்து 648 மில்லிமீற்றரில் உடலில் ஒரு குறுக்குக் கோடு இடுங்கள். மெல்லிய முதல் தந்தியின் சேடில் ஏறக்குறைய முழுவதும் முன்னுக்கு வந்த நிலையில் இந்தக் கோட்டில் நிற்க வேண்டும். மற்றச் சேடில்கள் எல்லாம் இதற்குப் பின்னாலேயே போகும். தடித்த தந்திக்குச் சில மில்லிமீற்றர் பின்னடைவு தேவைப்படும் என்பதால், பின்னுக்கு இடம் இருப்பதுதான் முக்கியம்.

குறுக்கே நேராக வைப்பதற்கு நடுக்கோடு மட்டும் போதாது. நட்டின் இரு வெளிக் காடிகளிலிருந்தும் பிரிட்ஜின் இரு வெளிச் சேடில்களுக்கும் தையல் நூலை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டில் இரண்டு பக்கமும் நூலுக்கும் விரற்பலகை விளிம்புக்கும் இடையே ஒரே அளவு, ஏறக்குறைய 3 மில்லிமீற்றர், வரும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். அதன் பிறகே திருகாணிக்குப் புள்ளி வையுங்கள். விரற்பலகை உடலின் மேற்பரப்பிலிருந்து ஒன்பது பத்து மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும். ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜுக்கு அது பொருந்தும். கிப்சன் பாணி உயரப் பிரிட்ஜை இதில் வைத்தால் தந்தி வானத்தில் நிற்கும்.

மற்றக் குழிகள் எளியவை. பிக்கப்புக்குப் பத்தொன்பது, கட்டுப்பாடுகளுக்கு 38 மில்லிமீற்றர் ஆழம். வயர் ஓடும் வழியை நீண்ட துளைப்பானால் சாய்வாகத் துளைக்க வேண்டும். பக்கவாட்டில் ஜாக்குக்கு 22 மில்லிமீற்றர் துவாரம்.

நிறம்

அரத்தாளால் 120ஆம் இலக்கத்தில் தொடங்கி 180, 240, 320 என்று ஏறுங்கள். தேக்குக்கும் மகோகனிக்கும் திறந்த நுண்துளைகள் உண்டு. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் நிரப்பி பூசித் தேய்க்க வேண்டும். துளை தெரியும் மெல்லிய பூச்சே எனக்குப் பிடித்தது. துணியால் மெல்லிதாகத் துடைத்துப் பூசும் பொலியுரித்தேன் நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லத் தேய்ப்பு. வீட்டு விறாந்தையிலேயே முடியும்.

பளிச்சென்ற நிறம் வேண்டுமானால் வாகனங்களுக்கு நிறம் அடிப்பவரிடம் கொடுங்கள். கடினமாக்கி கலந்து அடிக்கும் இருகூட்டு நிறத்தின் ஆவியில் ஐசோசயனேற்று என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆகையால் வீட்டில் அடிக்க முயல வேண்டாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, மழையும் ஈரமும் மிகுந்த நாட்களில் லக்கர் அடித்தால் பூச்சில் வெண்மை படரும். மாசி, பங்குனி வெயிலுக்குக் காத்திருங்கள். கழுத்துத் தலையில் பெரிய நிறுவனங்களின் பெயரை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய், விற்கும்போது மோசடியாகவும் ஆகும். உங்கள் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதுங்கள்.

மின்வேலை

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் பிடிக்கும் ஊம் என்ற இரைச்சல் அதிலிருந்தும் அதன் மடங்குகளிலிருந்தும் வருகிறது. குழிகளின் உட்புறம் முழுவதும் செப்பு நாடா ஒட்டுங்கள். துண்டுக்குத் துண்டு மேல்மடித்து, சந்துகளில் ஒரு சொட்டுப் பற்றாசு வையுங்கள். மல்டிமீற்றரின் ஒரு முனையைக் கழுத்துப் பிக்கப் குழியிலும் மற்றதைக் கட்டுப்பாட்டுக் குழியிலும் வைத்துப் பாருங்கள். தடை சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். குழிகளுக்கிடையே தொடுப்பு இல்லையென்றால் ஒரு வயரால் இணையுங்கள்.

இணைப்பின் ஒழுங்கு: இரண்டு பிக்கப்பின் சமிக்ஞை வயர்களும் மூன்று நிலைச் சுவிட்சுக்கு, சுவிட்சின் பொது முனை வொலியூமின் ஓரக் காலுக்கு, வொலியூமின் நடுக் கால் ஜாக்கின் நுனித் தொடுப்புக்கு. வொலியூமின் மற்ற ஓரக் காலை மடித்து அதன் உலோக முதுகோடு பற்ற வேண்டும். எந்தக் கால் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். குமிழை இடப்பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு மல்டிமீற்றரால் அளந்தால், நடுக் காலோடு சுழியம் காட்டும் ஓரக் கால்தான் முதுகோடு பற்ற வேண்டியது. டோனில் அதே பக்கத்துக் காலுக்குச் சமிக்ஞை வயரைக் கொடுத்து, நடுக் காலிலிருந்து 0.047 மைக்ரோஃபரட் கொள்ளளவியை முதுகுக்குப் பற்றுங்கள். மேல் ஒலி அதிகம் மங்குகிறது என்று நினைத்தால் 0.022 போடலாம்.

பிக்கப்புகளின் ஏர்த் வயர்கள், ஜாக்கின் ஏர்த், செப்பு நாடா, பிரிட்ஜின் அடியிலிருந்து வரும் ஒரு வயர், எல்லாம் வொலியூமின் முதுகில் சேர வேண்டும். பிரிட்ஜ் வயரை மறந்தால் தந்தியில் கை வைக்கும்போதும் இரைச்சல் குறையாது.

முதுகில் பற்றாசு பிடிப்பதற்கு முதலில் அந்த இடத்தை அரத்தாளால் சுரண்டுங்கள். 40 வாட் பற்றாசுக் கோலின் அகன்ற நுனியை உலோகத்தில் வைத்து, உலோகம் சூடான பிறகே பற்றாசுக் கம்பியைத் தொடுங்கள். சரியான சொட்டு தண்ணீர் போலப் பரவி, ஓரம் மெலிந்து, பளபளத்து ஆறும். மங்கலாய் உருண்டு நின்றால் உள்ளே பிடிக்கவில்லை. மறுபடி சூடாக்க வேண்டும். வயர் ஆறும்வரை கை அசையக் கூடாது.

தந்தி போடுமுன் கேபிளைச் சொருகி, சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் பிக்கப்பைத் திருப்புளியால் மெல்லத் தட்டுங்கள். எது வேலை செய்கிறது என்பது அப்போதே தெரியும். பின்னர் தந்தி போட்டு வாசிக்கும்போது நடு நிலையில் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போலிருந்தால் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் ஒலியை மற்றது குறைக்கும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன. ஒன்றின் இரு வயர்களையும் மாற்ற வேண்டும். கழுத்துப் பிக்கப்பின் உலோக மூடி ஏர்த் வயரோடு இணைந்திருந்தால் அதைப் பிரித்துத் தனி வயர் கொடுத்த பிறகே மாற்றலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிற்றாருக்குள் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம். ஆபத்து அம்பிளிஃபயரில் இருக்கிறது. பிரிட்ஜ் வழியாக உங்கள் விரல் அம்பிளிஃபயரின் ஏர்த்தோடு இணைந்திருக்கிறது. கோயில் திருவிழா மேடையிலோ பாடசாலை விழாவிலோ ஜெனரேற்றரில் ஏர்த் சரியில்லாமல், மைக்குக்கு வேறொரு இணைப்பு இருந்தால், தந்தியைப் பிடித்தபடி உதடு மைக்கில் படும்போது அதிர்ச்சி தாக்கும். ஈரத் தரையில் அது உயிரையும் எடுக்கும். மூன்று முனைப் பிளக்கின் ஏர்த் முனையை ஒருபோதும் முறிக்காதீர்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக வரும் மின்சாரத்தை மட்டும் மேடைக்கு எடுங்கள். வாசிக்கத் தொடங்குமுன் ஒலிபெருக்கிக்காரரிடம், “அண்ணன், ஏர்த் பார்த்தீர்களா?” என்று கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

தந்தி, சுருதி

0.009 அங்குலத்தில் தொடங்கும் தொகுதி இழுப்பதற்கு இலகு, 0.010 ஒலிக்குத் தடிப்பு. தந்தியைப் போட்டு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டி ஒரு நாள் விடுங்கள். கழுத்து இழுவைக்கு இணங்கட்டும்.

பிறகு வரிசை மாறாமல் செய்ய வேண்டும். முதலில் கழுத்தின் வளைவு. தடித்த தந்தியை முதலாவது ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃபிரெட்டின் மேல் தந்திக்கு 0.2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் ட்ரஸ் ரொட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்குங்கள், குறைந்தால் இளக்குங்கள். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

அடுத்து நட். தந்தியை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே அழுத்தினால் முதலாவது ஃபிரெட்டின் மேல் மெல்லிய கடதாசியளவு வெளிச்சம் தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் காடியை அரத்தால் ஆழமாக்குங்கள்; தலைப்பக்கம் சற்றுச் சரிவாக அராவினால் தந்தி விளிம்பில் சுத்தமாக உட்காரும். பிளாஸ்ரிக் நட்டை மாற்ற விரும்புவோருக்கு, கொழுப்பு நீக்கிக் காயவைத்த மாட்டெலும்பு மலிவும் உறுதியும் ஆனது. காடியில் பென்சில் கரியைத் தடவிவிட்டால் தந்தி சிக்காது.

அதன் பிறகு சேடில் உயரம்: பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த தந்திக்கு 1.8, மெல்லியதுக்கு 1.5 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம். பலமாகத் தட்டித் தாளம் போடுகிறவர் 2 வரை உயர்த்தலாம். கடைசியாகச் சுரச் சுத்தம். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் சுருதிமானியில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் சேடிலைப் பின்னுக்கு, குறைந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள். பிக்கப்பை, கடைசி ஃபிரெட்டில் அழுத்திய தந்திக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். இன்னும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும்.

கச்சானும் வாடையும்

கல்லடியிலோ பாசிக்குடாவிலோ ஒரு மாதம் வெளியே வைத்த இரும்பு என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். சேடிலின் சிறு திருகாணிகளைத் துருவேறா உருக்கில் மாற்றிவிடுங்கள், செலவு அற்பம். தங்க முலாம் பூசிய பாகங்கள் வியர்வையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். வாசித்து முடித்ததும் தந்தியை அடியும் மேலுமாக உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள்.

மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்றில் விரற்பலகை சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் ஃபிரெட்டின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். கச்சான் தொடங்கி ஒரு மாதம் கழித்து மெல்லிய அரத்தால் முனைகளை ஒருமுறை சமப்படுத்துங்கள். அந்தப் பருவத்தில் அராவியது மாரியில் தொல்லை தராது. மழைக்கால வாடைக்காற்று தொடங்கும்போது கழுத்தின் வளைவை மறுபடி பார்த்துக் கால் சுற்றுத் திருத்தம் செய்யுங்கள். தந்தித் தடிப்பு, சேடில் உயரம், கழுத்து இடைவெளி, கொள்ளளவியின் பெறுமானம், திருகாணி நீளம் எல்லாவற்றையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டுத் தகட்டின் அடியில் மடித்து வையுங்கள். அடுத்த தடவை திறப்பவர் நீங்களாகவும் இருக்கலாம், ஊரின் திருத்துநராகவும் இருக்கலாம். எந்த அளவில் தொடங்குவது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.